படத்துக்குத் தடை போட்டாச்சு... வன்முறை நின்னுச்சா?

'இந்த மாதிரி வெட்டுக்குத்துப் படம் பார்த்துத்தான் பசங்க கெட்டுப் போறாங்க!' - இந்த டயலாக்கை வீட்டில் கேட்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெரியவர்களின் பயத்தை அப்படியே ஒதுக்க முடியாதுதான். ஆனால், அந்தப் பயம் சரியான ஆளைத்தான் கைகாட்டுதா? 2011-ல் போடிநாயக்கனூர் பக்கம் நடந்ததைப் பாருங்கள்.

அந்த நவம்பரில் இடுக்கியில் லேசான நிலநடுக்கங்கள். முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிடும் என்று கேரளத்தில் பீதி. சரியாக அப்போதுதான் வந்தது 'டேம் 999'. சீனாவில் 1975-ல் பாங்கியாவ் அணை உடைந்த சம்பவம்தான் இன்ஸ்பிரேஷன் என்றது படக்குழு. 'முல்லைப்பெரியாறு ஒப்பந்தத்தோட குத்தகைக் காலமும் 999 வருஷம்தானே?' என்று இங்கே கொதித்தார்கள். பதற்றம் கூடும் என்று தமிழக அரசு தடை போட்டது. நவம்பர் 25-ல் வெளியான படம், தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வரவே இல்லை.

சரி, வன்முறை நின்னுச்சா? டிசம்பரில் எல்லையில் மோதல் வெடித்தது. போடியிலிருந்து ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்களின் பிழைப்பு முடங்கியது. மலையில் தங்கி வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள், தாக்குதலுக்குப் பயந்து காட்டுப்பாதை வழியாக இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. படமே ஓடாத ஊரில் இத்தனையும்!

ஏதோ ஒன்றைச் சமூகத்துக்கே ஆபத்து என்று எல்லோரும் சேர்ந்து ஊதிப் பெருக்க, நிஜ ஆபத்தைவிடப் பயம் பெரிதாகிவிடுவதை 'மாரல் பேனிக்' என்பார்கள். சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமான வார்த்தை இது. இதில் சினிமா ஈஸியாக மாட்டிக்கொள்ளும். போஸ்டர் கண்ணுக்குத் தெரியும். தடை போட ஓர் உத்தரவு போதும். தண்ணீர்ப் பிரச்னையையும் வதந்தியையும் அப்படி நிறுத்திவிட முடியாதே!

'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை முடக்கக் கூடாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை.

அதுக்காக, ரத்தம் தெறிக்கிற படத்தைக் குட்டீஸுக்குக் காட்டலாமா? கூடாது. அதற்குத்தான் யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். தம்பி, தங்கையோடு தியேட்டருக்குப் போகும்முன் அதை ஒரு தடவை பாருங்கள். 'அணை உடையப் போகுது' ரக ஃபார்வர்டு வந்தால், அனுப்பும்முன் ரெண்டு தடவை யோசியுங்கள்!