நன்றி சொன்ன படிவம்

"தம்பியவை, மூன்று கிழமையா வெப்சைட்டால ஒரு ஓடரும் வரேல்லை. அது வேலை செய்யுதோ?"

ஆராதனை முடிந்து தேநீருடன் நின்ற எங்களிடம், சமையல் ஓடர் எடுத்துச் செய்யும் அன்ரி ஒருவர் இப்படிக் கேட்டார். கைத்தொலைபேசியில் அவருடைய தளத்தைத் திறந்தோம். படங்கள் வந்தன, விலைப்பட்டியலும் வந்தது. "எல்லாம் வடிவா வேலை செய்யுது அன்ரி" என்றோம். அது பிழையான பதில்.

நாங்கள் இருவர். பகலில் படிப்பு, மாலையிலும் வார இறுதியிலும் லண்டனில் உள்ள சிறு கடைகள், நடன ஆசிரியர்கள், சமையல் செய்வோர் ஆகியோரின் இணையத்தளங்களைப் பராமரிக்கிறோம். அநேகமானவை வேர்ட்பிரஸில் அமைந்தவை. 2003இல் வெளிவந்த இந்த இலவச மென்பொருளில்தான் இன்று உலகின் இணையத்தளங்களில் பெரும் பங்கு இயங்குகிறது. தளத்தைக் கட்டுவது சில வார வேலை. அதைக் காப்பது வருடக்கணக்கான வேலை. ஏதாவது பிழைத்துப்போகும்வரை அது யாருடைய கண்ணிலும் படாது.

அன்றிரவு மனம் கேட்காமல், வாடிக்கையாளர் போல அந்தத் தளத்தின் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தோம். "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று திரையில் வந்தது. அன்ரியின் மின்னஞ்சலுக்கு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மூன்று கிழமைக்கு முன் தளத்தை வேறொரு சேவையகத்துக்கு மாற்றியவர்கள் நாங்களே. ஒரு டொமைன் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு அனுமதி உண்டு என்பதை, அந்தப் பெயரின் டி.என்.எஸ். பதிவுகளில் எஸ்.பி.எஃப். என்ற ஒரு வரி சொல்கிறது. தளத்தை மாற்றிய நாங்கள் அந்த வரியை மாற்றவில்லை. ஆகவே படிவம் அனுப்பிய கடிதங்களை அன்ரியின் மின்னஞ்சல் சேவை நம்பவில்லை. சில ஸ்பாமுக்குள் விழுந்தன. மற்றவை வாசலிலேயே திருப்பப்பட்டன. அந்தப் படிவம் பிரதி எதையும் சேமித்து வைப்பதில்லை. திருப்பப்பட்டவை போனது போனதுதான்.

ஸ்பாமுக்குள் நான்கு கடிதங்கள் கிடந்தன. மூன்று, பிறந்தநாள் விருந்துகள். நான்காவது, அன்ரிக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம் தகப்பனின் 31ஆம் நாள் நினைவுக்குச் சாப்பாடு கேட்டு எழுதியது. அந்த நாள் கடந்துவிட்டது.

கோளாறைத் திருத்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. அதைச் சொல்வதுதான் கடினம். "ஹோஸ்டிங் கம்பனியில ஏதோ பிரச்சினை" என்று சொல்லியிருந்தால் அன்ரிக்குத் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எங்களில் ஒருவருக்கு வந்தது. தனக்கும் வந்ததென்று மற்றவர் பிறகு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மாலை வீட்டுக்குப் போய், பிழை எங்களுடையது என்றோம். அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "காசு போனால் போகட்டும். நான் வேணுமெண்டு பதில் போடேல்லை எண்டெல்லே அந்தப் பிள்ளையள் நினைச்சிருக்குங்கள்" என்றார். எங்கள் முன்னாலேயே அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். பேசி முடித்துவிட்டுக் கேட்டார்: "சரி, இனி என்ன செய்யப் போறியள்?"

அன்று கொடுத்த பதில்தான் இன்று எங்கள் வேலைமுறை.

தொடும் முன் பிரதி

எதையும் புதுப்பிக்கும் முன் கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் பிரதி எடுத்து, வேறோர் இடத்தில் வைக்கிறோம். அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்றும் பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

ஊகிக்காமல் வாசிப்பது

தளம் வெறும் வெள்ளைப் பக்கமாக வந்தால் கண்டதையெல்லாம் மாற்றுவதில்லை. முதலில் பிழைப் பதிவுக் கோப்பை வாசிக்கிறோம். எந்தக் கோப்பில், எந்த வரியில் தடுக்கியது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். 2019இல் வந்த 5.2ஆம் பதிப்பு முதல், இப்படித் தளம் விழும்போது மீட்பதற்கான இணைப்பை வேர்ட்பிரஸ் தானாகவே நிர்வாகிக்கு மின்னஞ்சலில் அனுப்பும். ஆனால் அங்கே பதிந்திருப்பது யாரும் பார்க்காத பழைய முகவரி என்றால் பயனில்லை.

சாவி உரியவரிடம்

டொமைன் பெயரை வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிகிறோம். புதுப்பிக்க வேண்டிய திகதி எங்கள் நாட்காட்டியிலும் அவருடையதிலும் இருக்கும். நாளைக்கு நாங்கள் இல்லாவிட்டாலும் அவருடைய தளம் அவருக்கே.

ஒரு பக்க ஒப்பந்தம்

"எங்கட பிள்ளையள்தானே" என்று இலவசமாகக் கேட்பார்கள். நாங்களும் கூச்சத்தில் தலையாட்டியிருக்கிறோம். இலவச வேலை பரீட்சைக் காலத்தில் கைவிடப்படும், பாதிக்கப்படுவது அவர்கள்தான். மாதக் கட்டணம் எவ்வளவு, அதற்குள் என்ன அடங்கும், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை இப்போது எழுதிக் கொடுக்கிறோம்.

உங்களில் யாராவது இந்த வேலையில் இறங்க நினைத்தால், கணினி மொழிகளை நீங்களே படித்துக்கொள்வீர்கள். நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தளம் திறக்கிறதா என்று பார்த்து நின்றுவிடாதீர்கள், எழுதியவரின் கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எல்லாத் தளங்களின் படிவங்களையும் நிரப்பி அனுப்புகிறோம். முதலில் பதில் போடுபவர் அந்த அன்ரிதான்: "கிடைச்சது தம்பியவை. சாப்பிட்டியளோ?"