தண்டுவடக் காயப் படிமவியல்

தண்டுவடக் காயப் படிமவியல் என்பது தண்டுவடம் காயமுற்றவரிடம் அசைவும் உணர்வும் எந்த அளவுக்கு எஞ்சியுள்ளன என்பதைத் தண்டுவடம், மூளை ஆகியவற்றின் படிமங்களைக் கொண்டு ஆராயும் துறை ஆகும். தொடுதலை உணராத காலிலிருந்தும் மூளைக்குச் செய்தி சென்று சேரக்கூடும் என்பதை இத்துறை காட்டியுள்ளது.

காரணங்கள்

சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுதலும் இந்தியாவில் முதன்மைக் காரணங்கள் ஆகும். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் பனையேறுதல், கிணறு வெட்டுதல், தூர்வாருதல் ஆகியவை இவ்வாறு விழும் ஆபத்துள்ள தொழில்கள். விழுந்தவரை உட்கார வைத்தோ மடக்கித் தூக்கியோ கொண்டு செல்லுதல் கூடாது. கழுத்தும் முதுகும் அசையாதவாறு பலகையில் கிடத்திக் கொண்டு செல்ல வேண்டும். இல்லையெனில் எஞ்சிய நரம்பிழைகளும் சிதையக்கூடும்.

படிம முறைகள்

* சி. டி. - எலும்பு முறிவைத் தெளிவாகக் காட்டும்.
* எம். ஆர். ஐ. - வடத்தின் வீக்கம், இரத்தக்கசிவு, அழுத்தம் ஆகியவற்றைக் காட்டும்.
* விரவல் படிமம் - நரம்பிழைகளின் நெடுகே நீர் மூலக்கூறுகள் பரவும் திசையைக் கொண்டு இழைகளின் நிலையைக் கணிக்கும்.
* செயற்பாட்டு எம். ஆர். ஐ. - மூளையில் நரம்பணுக்கள் இயங்கும் இடத்தில் இரத்த ஆக்சிசன் அளவு மாறுவதைப் பதிவு செய்யும். இதன் அடிப்படையை 1990 இல் செய்ஜி ஒகாவா குழுவினர் வெளியிட்டனர்.

கண்டறிந்தவை

கால் செயலிழந்தவர்கள் பாதத்தை அசைக்க முயலும்போதும், அசைப்பதாகக் கற்பனை செய்யும்போதும் மூளையின் இயக்கப் பகுதிகள் செயற்படுகின்றன. காயம்பட்ட பல ஆண்டுகளுக்குப் பின்னரும் இது காணப்படுகிறது. 2018 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், முழுமையான காயம் என வகைப்படுத்தப்பட்டோரின் கால் பெருவிரல் வருடப்பட்டது. அவர்கள் எதையும் உணரவில்லை. எனினும் ஏறத்தாழ பாதிப்பேரின் மூளையில் அதற்குரிய செயற்பாடு பதிவானது.

வரம்புகள்

தண்டுவடம் ஏறத்தாழச் சிறுவிரல் பருமனே உடையது. இதயத் துடிப்பாலும் மூச்சாலும் அசைவது. எனவே அதைத் துல்லியமாகப் படிமமாக்குதல் கடினம். முதுகெலும்பில் பொருத்தப்பட்ட உலோகத் திருகுகளும் படிமத்தைச் சிதைக்கும். மூளையில் செயற்பாடு தெரிவதால் மட்டும் நோயாளி நடப்பார் என்று கூற இயலாது. ஊசி, பஞ்சு கொண்டு மருத்துவர் செய்யும் நேரடிச் சோதனைக்கு இவை துணையே அன்றி மாற்று அல்ல.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு

1954 இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீசின் முயற்சியால் 1966 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1975 இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் காயமுற்ற எஸ். ராமகிருஷ்ணன், 1981 இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார்.