மருத்துவருக்கு ஓய்வு சலுகையா?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பன அவை. மருந்து கெட்டுவிட்டால் அதனைக் கொடுக்க எவரும் துணியார். ஆனால், மருத்துவரும் செவிலியரும் உறக்கமின்றித் தளர்ந்திருப்பதை மருத்துவத்தின் குறையாக உலகம் நெடுங்காலம் எண்ணவில்லை. தொண்டுள்ளத்தின் அடையாளம் என்றே போற்றிற்று. இவ்வெண்ணம் மாறத் தொடங்கிய வரலாற்றை அமெரிக்க நாட்டில் தெளிவாகக் காணலாம்.

தங்கிப் பயின்றோர்

1889-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்து பயிலும் முறை அங்கே உருப்பெற்று நாடெங்கும் பரவியது. அவர்களைக் குறிக்கும் ‘ரெசிடெண்ட்’ என்ற சொல்லுக்கு ‘உறைபவர்’ என்பதே பொருள். வீடு வேறு, பணியிடம் வேறு என்ற பிரிவே அவர்களுக்கு இல்லை. பிற்காலத்தவர் வெளியே குடியேறி மனைவி மக்களோடு வாழத் தலைப்பட்டனர். ஆயினும் பணிநேரம் குறையவில்லை. ஒரே மூச்சில் 36 மணி நேரம் உழைப்பதும் வழக்கமாகவே இருந்தது.

ஒரு மரணமும் ஒரு சட்டமும்

1984 மார்ச் மாதத்தில், காய்ச்சலும் நடுக்கமுமாக நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்ட 18 வயது மாணவி சில மணி நேரத்திலேயே உயிர் நீத்தார். அன்றிரவு அவரைக் கவனித்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள். வேறு பல நோயாளிகளும் அவர்கள் பொறுப்பில் இருந்தனர். மூத்த மருத்துவர் நேரில் வரவில்லை. இதனை ஆராய்ந்த ஜூரிகள் எவர்மீதும் கொலைக்குற்றம் சாட்டவில்லை. நெடிய பணிநேரத்தையும் மேற்பார்வைக் குறைவையுமே கண்டித்தனர். 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என வரம்பு விதித்தது. 2003-இல் 80 மணி வரம்பு நாடு முழுமைக்கும் வந்தது.

பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வொன்று 2004-இல் வெளியாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் பழைய முறைப்படி நெடுநேரம் உழைத்த இளம் மருத்துவர்கள், குறுகிய நேரம் உழைத்தபோது செய்ததைவிட 36 விழுக்காடு மிகுதியாகக் கடும் பிழைகள் செய்தனர். நெடும்பணி முடித்துக் கார் ஓட்டிச் செல்வோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று 2005-இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று.

மணிக்கணக்கு மட்டும் போதுமா?

போதாது. ஒருவர் மற்றொருவரிடம் நோயாளியை ஒப்படைத்துச் செல்கையில் முக்கியச் செய்தி விடுபடலாம். அதே வேலையைக் குறைந்த நேரத்தில் முடிக்கும் நெருக்கடியும் உண்டாகும். இத்தகைய காரணங்களால், முதலாண்டினர்க்கு 2011-இல் விதிக்கப்பட்ட 16 மணி வரம்பு 2017-இல் நீக்கப்பட்டது. அதற்கு முன், 2016-இல் அறுவை மருத்துவம் பயில்வோரிடையே நடந்த ஆய்வில், வரம்பைத் தளர்த்தியதால் நோயாளிகளுக்குக் கேடு மிகவில்லை எனத் தெரிந்தது. ஆனால், குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் தம் உடல்நலத்துக்கும் உரிய நேரம் பறிபோவதாகக் கூறிய மருத்துவர் தொகை மிகுந்தது. நோயாளிக்குக் கேடில்லை என்றால், மருத்துவர் கெடுவது பொருட்டில்லையா? அவரும் நான்கு கூறுகளில் ஒருவர் அல்லரோ!

உடனிருந்து உதவுபவர்

செவிலியர் நிலையிலும் இவ்வுண்மை விளங்கும். பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு செவிலியர் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை நோயாளர் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு மிகுந்தது. செவிலியர் மனம் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 விழுக்காடு மிகுந்தது. நோயாளியின் கேடும் செவிலியரின் சோர்வும் இங்கே ஒருசேர வளர்வதைக் காண்க. கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, ஒரு செவிலியர் இத்தனை நோயாளிகளுக்கு மேல் ஏற்கலாகாது என்னும் விதியை 2004 முதல் நடைமுறைப்படுத்திற்று.

ஆகவே, சோர்ந்தவரைப் பார்த்து ‘பொறுமை கொள்க’ என்று அறிவுரை கூறுவதால் பயனில்லை. போதிய ஆட்கள், அளவான பணிநேரம், முறையான ஒப்படைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி அவர் சோர்வு தீராது. பிறர் உடலைக் காப்பவருக்கும் ஓர் உடல் உண்டு. வீட்டில் அவருக்காகக் காத்திருப்போரும் உண்டு. அதனை மறவாத மருத்துவமனையே நோயாளியையும் நன்கு காக்கும்.