பயணச் சூம் வில்லை

பயணச் சூம் வில்லை என்பது அகல்கோணம் முதல் தொலைப்பார்வை வரையான குவியத்தூரங்களை ஒரே குழலில் அடக்கிய ஒளிப்படக்கருவி வில்லை ஆகும். 1992 இல் சப்பானின் தாம்ரன் நிறுவனம் வெளியிட்ட 28-200 மிமீ வில்லை இவ்வகையைப் பரவலாக்கியது. சிறிய உணரி கொண்ட எண்ணிமக் கருவிகளுக்கென நிக்கானின் 18-200 மிமீ வில்லை 2005 இல் அறிவிக்கப்பட்டது.

வாடிப்பட்டி வட்டத்திலுள்ள அலங்காநல்லூரில் தைத் திங்களில் நடைபெறும் சல்லிக்கட்டு இதன் பயனை நன்கு விளக்கும். தடுப்புக்கு வெளியே நிற்பவர், வாடிவாசலை விட்டுப் பாயும் காளையைப் பெரிதாகப் படம்பிடிக்க 200 மிமீ வேண்டும். அதே காளை தடுப்பருகே வந்துவிட்டால் 18 மிமீ வேண்டும். இடையில் வில்லையை மாற்ற நேரமிராது. மாற்றினாலும் களத்துப் புழுதி உணரியில் படியும்.

இவ்வசதிக்கு ஈடாக இழக்கப்படுவது ஒளியே. 200 மிமீ இல் இதன் பெருமத் துளை எஃப்/5.6 மட்டுமே; எஃப்/2.8 வில்லை தரும் ஒளியில் இது கால் பங்கு. நண்பகல் வெயிலில் காளையின் ஓட்டத்தை உறையவைக்க இது போதும். மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையின் நிழல் படிந்த உட்புறத்தில் போதாது. அங்கு அதிர்வுக் குறைப்பு வசதி தூண்களைத் தெளிவாகக் காட்டும். நடமாடும் மனிதர் கலங்கியே தெரிவர். 18 மிமீ இல் தூண்கள் பீப்பாய் போல் வளைந்து தோன்றுவதும் உண்டு. இதனைக் கணினியில் திருத்தலாம். கலங்கல் அவ்வாறு திருந்தாது. ஆகவே பையில் இன்னொன்றுக்கு இடமிருப்பின், மேலும் நீண்ட சூமை விட ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள 35 மிமீ எஃப்/1.8 நிலைக்குவிய வில்லையே தக்கது.