அலபாமா 12 வருஷத்தில் 6 கப் அடித்தது எப்படி? இனி யாராலும் அது முடியுமா?



இன்னிக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிப் பேசப் போறோம். இதுக்குக் காரணம் என் சித்தி பையன்.

அவன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்துவிட்டு அட்லாண்டாவில் வேலையில் இருக்கிறான். ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜார்ஜியா நாடு இல்லை, அமெரிக்காவின் தென்பகுதி மாநிலம். போன மாதம் போன் பண்ணான். "அக்கா, நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து எங்க யுனிவர்சிட்டி டீமுக்கு சீசன் டிக்கெட் எடுக்கலாம்னு இருக்கோம். நல்ல சீட் வேணும்னா டிக்கெட் காசு போக தனியா நன்கொடையும் கட்டணும். அஞ்சு வருஷத்துக்கு பிளான் பண்றோம். அஞ்சு வருஷத்துல ரெண்டு கப்பாவது வரும்ல?"

முதல்ல வரி விஷயத்தைச் சொல்லிட்டேன். சீட் உரிமைக்காகக் கட்டும் இந்த மாதிரி நன்கொடையில் 2017 வரை 80 சதவீதத்தை வருமானத்தில் கழிக்க முடிந்தது. 2018-லிருந்து ஒரு டாலர்கூட கழிக்க முடியாது. ஆக, முழுசா கைக்காசு.

ரெண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லலை. ஏன்னா ஒரு தடவை சொல்லி மாட்டிக்கிட்டேன். 2023 ஜனவரியில் நடந்த ஃபைனலில் ஜார்ஜியா, டி.சி.யு. அணியை 65-7 என்று துவைத்து எடுத்தது. தொடர்ந்து ரெண்டாவது கப். "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இவங்களை அசைக்க முடியாதுடா" என்றேன். அதற்கடுத்த சீசனில் மிச்சிகன் ஜெயித்தது, அதற்கும் அடுத்த சீசனில் ஓஹையோ ஸ்டேட். போன மூணு வருஷ ரிட்டர்னைப் பார்த்து ஃபண்டு வாங்காதீங்கன்னு உங்ககிட்ட வாரா வாரம் சொல்ற நானே செஞ்ச தப்பு அது. அதனால இந்த முறை உட்கார்ந்து கணக்கு போட்டேன்.

ஆட்டத்தைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது நம்ம கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு மோதிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர். கல்லூரி ஆட்டம்தானே என்று நினைக்காதீங்க. அலபாமா பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1 லட்சம் பேர் உட்காரலாம்.

அந்த அலபாமாவுக்கு 2007-ல் கோச்சாக வந்தவர் நிக் சேபன். முதல் ஒப்பந்தமே 8 வருஷத்துக்கு 3.2 கோடி டாலர். 2009, 2011, 2012, 2015, 2017, 2020 ஆகிய சீசன்களில் கப் ஜெயித்தார். 12 சீசனில் 6. அதற்கு முன்பு 2003-ல் எல்.எஸ்.யு.வில் ஒன்று. மொத்தம் 7.

எல்லாரும் சேபனின் ஒழுக்கம், உழைப்பு, திட்டமிடல் என்றுதான் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கலை. ஆனா ஒரு கம்பெனி இத்தனை வருஷம் இவ்வளவு லாபம் காட்டினா, ஆடிட்டர் புத்தி முதலில் செலவுப் பக்கத்தைத்தான் பார்க்கும். அங்கேதான் விஷயம் இருக்கு. இந்த டீமின் முக்கியமான மூலப்பொருள் ஆட்டக்காரர்கள். அவங்களுக்குச் சம்பளம் பூஜ்யம். படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, ஒரு சின்ன உதவித்தொகை, அவ்வளவுதான். அதற்கு மேல் யாராவது காசு வாங்கினால் குற்றம். டல்லாஸில் இருக்கும் எஸ்.எம்.யு. ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக, அதன் 1987 சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு அது.

எல்லாக் கடையிலும் விலை ஒன்றே, அதுவும் பூஜ்யம் என்றால் திறமையான பையன் எங்கே போவான்? நல்ல கோச், பெரிய ஸ்டேடியம், டி.வி. வெளிச்சம், அப்புறம் என்.எஃப்.எல். வேலைவாய்ப்பு, இது நாலும் இருக்கிற இடத்துக்குத்தான். தொழில்முறை என்.எஃப்.எல்.லில் கடைசி இடம் வந்த அணிக்குத்தான் புது ஆட்டக்காரர்களில் முதல் தேர்வு. கல்லூரியில் அப்படி ஒரு சமன்பாடே கிடையாது. ஜெயிக்கிறவனிடமே இன்னும் திறமை போய்ச் சேரும். கூட்டு வட்டி மாதிரி.

இதைவிட முக்கியமான விஷயம் ஸ்டாக். 2024 வரை ஒரு டீம் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க முடிந்தது. 22 இடத்துக்கு 85 பேர்! வேறு எந்த அணியிலும் முதல் நாளே களமிறங்கக் கூடிய பையன், அலபாமாவில் ரெண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கோபித்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போகலாம், ஆனா பெரும்பாலும் ஒரு சீசன் ஆடாமல் சும்மா இருக்க வேண்டும். நம்ம ஈ.எல்.எஸ்.எஸ். ஃபண்டு மாதிரி லாக்-இன்.

2018 ஜனவரி ஃபைனலைப் பார்த்தா இது புரியும். இடைவேளையில் ஜார்ஜியா 13-0 என்று முன்னிலை. சேபன் என்ன செய்தார் தெரியுமா? ரெண்டு சீசனாக ஆடிக்கொண்டிருந்த குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாம் ஆண்டுப் பையன் டுவா டாகோவாய்லோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அவன் 41 கெஜம் எறிந்த பந்தை டெவான்டா ஸ்மித் பிடிக்க, 26-23. அதே வருஷம் டிசம்பரில் கதை தலைகீழ். டுவா காயப்பட, பெஞ்சிலிருந்து ஹர்ட்ஸ் வந்து அதே ஜார்ஜியாவை 35-28 என்று தோற்கடித்தார். இவர்களுக்கும் பின்னால் வரிசையில் காத்திருந்த மேக் ஜோன்ஸ்தான் 2020-ல் கப் வாங்கிக் கொடுத்தது. மூன்று பேரும் பிறகு என்.எஃப்.எல்.லில் குவாட்டர்பேக் ஆனவர்கள். ஹர்ட்ஸ் 2025 சூப்பர் பௌலின் ஆட்ட நாயகன். இவங்க மூணு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கல்லூரியின் கிடங்கில் இருந்தாங்க, சம்பளமில்லாமல். டீமுக்கு இது இலவச இன்ஷூரன்ஸ். பிரீமியத்தை யார் கட்டினாங்க? பெஞ்சில் வருஷங்களைத் தொலைத்த பசங்கதான்.

2021-ல் இந்த ரெண்டு கதவும் ஒண்ணா திறந்தது. ஏப்ரலில், ஒரு தடவை கல்லூரி மாறினால் சும்மா உட்கார வேண்டியதில்லை என்று விதி வந்தது. ஜூலை 1 முதல் தன் பெயர், முகம், புகழை விற்று ஆட்டக்காரர் சம்பாதிக்கலாம். இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். 2024-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. ஈ.எல்.எஸ்.எஸ். ஒரே ராத்திரியில் லிக்விட் ஃபண்டு ஆயிடுச்சு.

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வு அறிவித்தார். அடுத்த சில நாட்களில் அவருடைய நட்சத்திரத் தடுப்பாட்டக்காரர் கேலப் டவுன்ஸ் ஓஹையோ ஸ்டேட்டுக்குப் போனார், ஐசயா பாண்ட் டெக்சாஸுக்குப் போனார். புது கோச் கேலன் டிபோர் முதல் வருஷம் 9 வெற்றி, 4 தோல்வி. அந்த நாலில் ஒன்று மறக்க முடியாதது. 2024 அக்டோபர் 5, அலபாமா நாட்டிலேயே நம்பர் 1. எதிரே வாண்டர்பில்ட், 1984-க்குப் பிறகு அலபாமாவை ஜெயித்ததே இல்லை. அதன் குவாட்டர்பேக் டியகோ பவியா, நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்தவர். 40-35, வாண்டர்பில்ட் ஜெயித்தது. ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தூக்கிப்போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டாங்க.

அன்று ரகசியமாகக் காசு கொடுத்துத் தண்டனை வாங்கிய எஸ்.எம்.யு.? ஒன்பது வருஷத்துக்கு டி.வி. பங்கு வேண்டாம் என்று சொல்லி 2024-ல் பெரிய லீக் ஒன்றில் சேர்ந்தது. அந்த முதல் சீசனிலேயே 12 அணி பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றது.

இந்த 12 அணி என்பதுதான் அடுத்த மாற்றம். இங்கே ஒரு சின்னக் கணக்கு. எந்த எதிரியையும் 75 சதவீத வாய்ப்போடு ஜெயிக்கும் ஒரு சூப்பர் டீம் என்று வைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் தகுதியும் பெறுகிறது. 2013 வரை டாப் 2 அணிக்கு ஒரே ஒரு ஃபைனல். தொடர்ந்து மூன்று வருஷம் கப் அடிக்க வாய்ப்பு 42 சதவீதம். 2014 முதல் 2023 வரை நாலு அணி, ரெண்டு மேட்ச்: 18 சதவீதம். இப்போ முதல் நாலு இடத்துக்குள் இருந்தாலே மூணு மேட்ச்: 7.5 சதவீதம். கீழே இருந்து வந்தால் நாலு மேட்ச்: 3 சதவீதம். டீம் கொஞ்சம்கூட பலவீனமாகவில்லை, கவனிங்க. விதிதான் மாறியிருக்கு.

வாசல் பெரிதானதில் லாபமும் உண்டு. 2023-ல் ஜார்ஜியா 12 மேட்ச் ஜெயித்து, லீக் ஃபைனலில் அலபாமாவிடம் 27-24 என்று ஒரே ஒரு மேட்ச் தோற்று, நாலு அணி பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. இன்றைய முறையில் அது உள்ளே இருந்திருக்கும்.

"அப்போ அதிகமா காசு போடுற டீம் ஜெயிக்கும், அவ்வளவுதானே?" என்று தம்பி கேட்டான். ஓஹையோ ஸ்டேட் 2024-ல் அதைத்தான் செய்தது. ஆட்டக்காரர்களுக்கான செலவு சுமார் 2 கோடி டாலர் என்று அவர்களுடைய விளையாட்டு இயக்குநரே சொன்னார். என்.எஃப்.எல். போக வேண்டிய சீனியர்களைக் காசு கொடுத்து இன்னொரு வருஷம் நிறுத்தி வைத்தாங்க. கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து வில் ஹோவர்ட், ஓல் மிஸ்ஸிலிருந்து குவின்ஷான் ஜட்கின்ஸ், நம்ம அலபாமா டவுன்ஸ். சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்று மானம் போனாலும், பிளேஆஃபில் நாலு மேட்ச் வரிசையாக ஜெயித்துக் கப்பைத் தூக்கினாங்க. 2025 ஏப்ரல் டிராஃப்ட்டில் அதே டீமிலிருந்து 14 பேர் என்.எஃப்.எல். போய்விட்டாங்க. சேபனிடம் வருஷக் கடைசியில் க்ளோசிங் ஸ்டாக் நிறைய இருக்கும். இவங்க அதே மாதிரி டீம் வேணும்னா திரும்ப முழு விலை கொடுக்கணும்.

காசு மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வெளியே அனுப்பியபோது, ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.6 கோடி டாலர். நம்ம கணக்கில் 600 கோடி ரூபாய்க்கு மேல், வேலை பார்க்காமல் இருப்பதற்கு!

2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான், ஆனா பெரும்பங்கு ஃபுட்பாலுக்கே போகும். வெளியிலிருந்து வரும் 600 டாலருக்கு மேற்பட்ட விளம்பர ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் தளத்தை நடத்துவது டெலாய்ட். எங்க தொழிலுக்கு அங்கேயும் வேலை வந்துடுச்சு. உச்சவரம்பு ஒன்றே என்பதால் முதல் பத்துப் பதினைந்து பணக்காரக் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று நெருங்கும். அதற்குக் கீழே இருப்பவர்கள் அவ்வளவு செலவழிக்கவே முடியாமல் இன்னும் பின்தங்குவாங்க என்பது என் கணிப்பு.

சரி, ஜார்ஜியாவுக்கு வருவோம். கோச் கெர்பி ஸ்மார்ட், சேபனிடம் வருஷக்கணக்கில் உதவியாளராக இருந்து அந்த வித்தையையே தூக்கிக்கொண்டு வந்தவர். டீம் நிச்சயம் டாப் லெவல். ஆனா 2024 சீசனில் குவாட்டர்பேக் கார்சன் பெக் லீக் ஃபைனலில் காயப்பட்டார், பிளேஆஃபின் முதல் மேட்சிலேயே நோட்ர டேமிடம் 23-10 தோல்வி. அடுத்த சில நாளில் பெக் மயாமிக்கு மாறிவிட்டார்.

தம்பிக்கு நான் போட்ட கணக்கு இது. அனுமானம் என்னுடையது, நீங்க மாத்திப் பார்க்கலாம். பிளேஆஃபுக்குள் மூணு மேட்ச் தூரத்தில் நிற்க வருஷத்துக்கு 80 சதவீதம். திறமை பரவிவிட்டதால் ஒரு மேட்ச் ஜெயிக்க 75 இல்லை, 65. வருஷத்துக்குக் கப் வாய்ப்பு 22 சதவீதம் வருது. அஞ்சு வருஷத்தில் ஒன்றாவது கிடைக்க 71. ரெண்டு அல்லது அதற்கு மேல் கிடைக்க 30. ஒன்றுமே இல்லாமல் போக 29. நாட்டிலேயே தலைசிறந்த அணிகளில் ஒன்றுக்கு, தாராளமாகப் போட்ட கணக்கு இது!

"கப்புக்காக அஞ்சு வருஷம் கமிட் ஆகாதே. சனிக்கிழமை ஸ்டேடியம் போறது பிடிச்சா வருஷா வருஷம் பார்த்துக் கட்டு, அதைப் பொழுதுபோக்கு பட்ஜெட்டில் எழுது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அக்கா, அந்த 71-ஐ மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. 29-ஐ என் வைஃப் பார்க்க வேண்டாம்" என்றான்.