"சேம் சைடு கோல் போட்டுட்டியேப்பா!"

ஹாக்கி ஊரில் நாளும் புழங்கும் பேச்சு. ஹாக்கியில் அந்த கோல் செல்லாது!

கோவில்பட்டி:
"நம்ம ஆளே சேம் சைடு கோல் போட்டுட்டான்யா!"

கோவில்பட்டி பஸ் நிலையம், டீக்கடை, கமிஷன் கடை... எங்கே நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கடைப் பையன் வாய் தவறி அடக்க விலையைச் சொல்லிவிட்டால் சேம் சைடு கோல். அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்ததை அம்மாவே உளறிவிட்டால் அதுவும் சேம் சைடு கோல்தான்!

பந்தைத் தன் அணியின் கோலுக்குள்ளேயே தள்ளிவிடுவது என்பது இதன் பொருள்.

வேடிக்கையான சட்டம்

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். "ஹாக்கிப்பட்டி" என்றே சொல்வதும் உண்டு. செயற்கை இழை மைதானம் இருக்கிறது. அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஹாக்கியில் எதிரணிக்காரர் "டி" வளையத்துக்குள் பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல். தொடாத பந்தை, தடுப்பு ஆட்டக்காரர் தவறிப்போய்த் தன் கோலுக்குள் தட்டிவிட்டால் கோல் கிடையாது. எதிரணிக்கு கார்னர் கொடுப்பதோடு சரி! 2013 ஜனவரியில் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் "சேம் சைடு கோலும் செல்லும்" என்று சட்டத்தை மாற்றியது. அந்த ஆண்டே வாபஸ் வாங்கிவிட்டது.

ஒரு கோல்... ஓர் உயிர்!

கால்பந்தில் அப்படி இல்லை. யார் தட்டினாலும் கோல் கோல்தான்.

1994 உலகக் கோப்பையில் கொலம்பியா வீரர் ஆந்த்ரே எஸ்கோபார், அமெரிக்க அணி அடித்த பந்தைத் தடுக்கப் பாய்ந்தார். பந்து அவர் காலில் பட்டு சொந்த கோலுக்குள் போனது. கொலம்பியா 2-1 என்று தோற்றது. ஊர் திரும்பிய எஸ்கோபார் ஜூலை 2-ந் தேதி மெடலின் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 27.

தடுக்கப் போனவர்தான் அவர். துரோகம் செய்யப் போனவர் அல்ல!

தவறா? துரோகமா?

யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது என்பார்கள். அதில் நஷ்டம் அந்த யானைக்கு மட்டும். குலத்தைக் கெடுத்த கோடரிக்காம்பு என்பார்கள். அது துரோகம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. நல்லது செய்யப் போய், கூட இருப்பவர்களைக் கவிழ்த்துவிடுவது. அதற்குத்தான் இந்த விளையாட்டுப் பேச்சு கச்சிதமாகப் பொருந்துகிறது.

தீப்பெட்டித் தொழிலைப் பாருங்கள். மூலப்பொருள் விலை ஏறியதால் சங்கங்கள் கூடிப் பேசி, 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய் பெட்டியை 2 ரூபாய் ஆக்கின. இப்படி எல்லோரும் சேர்ந்து எடுக்கும் முடிவில் ஒருவர் மட்டும் சரக்கைக் குறைத்துத் தள்ளினால்? அவருக்கு அன்றைக்குக் கல்லா நிறையும். மொத்தத் தொழிலுக்கும் சேம் சைடு கோல்!

கோர்ட்டிலும் உண்டு. போலீஸ் தரப்பு சாட்சி கூண்டில் ஏறி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பார். பிறழ் சாட்சி. அரசு வக்கீல் அனுமதி வாங்கி, தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டிவரும். அவர் பணம் வாங்கினாரா, மிரட்டலுக்குப் பயந்தாரா, உண்மையிலேயே பார்க்கவில்லையா? வராந்தாவில் நிற்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்!

அங்கேதான் கவனம் வேண்டும். கேலிக்குச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். கோபத்தில் சொன்னால், தவறியவனும் துரோகி ஆகிவிடுகிறான்.

அடுத்த முறை "சேம் சைடு கோல்" என்று கத்துவதற்கு முன்னால், அவன் தடுக்கப் போனானா, தள்ளப் போனானா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்!