எந்தக் குழாய் பொருத்தமான குழாய்?

ரேடியேட்டர் என்றதும் பேருந்தின் முன்பக்கம் உங்கள் நினைவுக்கு வரும். அங்கே அதன் வேலை, எஞ்சினின் வெப்பத்தை வெளியே தள்ளுவது. குளிர்நாடான பிரிட்டனில் அதே பெயருள்ள கருவி, வீடுகளில் அறைதோறும் சுவரோரம் நிற்கிறது. கொதிகலனில் சூடான நீரை ஒரு பம்பு குழாய் வழியே அதற்குள் அனுப்புகிறது. நீர் தன் வெப்பத்தில் ஒரு பங்கை அறைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. (பெயருக்குக் 'கதிர்வீசி' என்று பொருள். ஆனால் பெரும்பங்கு வெப்பம் காற்றின் சலனத்தால்தான் பரவுகிறது!)

அப்படிப்பட்ட வீடொன்றின் பெரிய கூடத்தில் 3 கிலோவாட் ரேடியேட்டரைப் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 10, 15, 22 மில்லிமீட்டர் கொண்ட செம்புக் குழாய்கள் கிடைக்கின்றன. நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? "பெரிய ரேடியேட்டருக்குப் பெரிய குழாய்" என்று என் மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாமல் கணக்கைப் போடுவோம்.

நீர் 75 டிகிரியில் நுழைந்து 55 டிகிரியில் வெளியேறட்டும். ஒரு கிலோகிராம் நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 4,200 ஜூல் வெப்பத்தைத் தரும்; 20 டிகிரி குளிர்ந்தால் 84,000 ஜூல். நமக்குத் தேவை விநாடிக்கு 3,000 ஜூல். வகுத்துப் பார்த்தால், விநாடிக்குச் சுமார் 36 மில்லிலிட்டர் நீர் போதும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

15 மி.மீ. குழாயின் உள்விட்டம் 13.6 மி.மீ. அதில் இந்த நீர் விநாடிக்கு 25 செ.மீ. வேகத்தில் செல்லும். 10 மி.மீ. குழாயின் உள்விட்டம் 8.8 மி.மீ.; அதில் வேகம் 59 செ.மீ. இத்தகைய சிறு குழாய்களில் வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டினால் இரவில் தூங்கவிடாத இரைச்சல் எழும். இரண்டுமே அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. அப்படியானால் மெல்லிய குழாயே போதுமா?

இங்கே உராய்வு குறுக்கிடுகிறது. ஆரத்தின் நான்காம் அடுக்கைக் கொண்ட பாய்சொய் சமன்பாட்டைப் படித்தவர்கள், 'தடை ஆறு மடங்காகும்' என்பார்கள். ஆனால் அது வரிச்சீர் ஓட்டத்துக்கு உரியது. இங்கே ஓடுவதோ சுழற்சி ஓட்டம். அதில் தடை ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் ஏறும். ஆகவே 10 மி.மீ. குழாயில் அழுத்த இழப்பு சுமார் எட்டு மடங்கு! கொதிகலனுக்கு அருகிலிருந்தால் சமாளிக்கலாம். தொலைவிலிருந்தால், இணையாக இணைத்த மின்தடைகளில் நடப்பதுதான் இங்கும் நடக்கும். தடை குறைந்த மற்ற ரேடியேட்டர்களின் வழியே நீர் போய்விடும், கூடம் குளிர்ந்து கிடக்கும்.

22 மி.மீ. குழாயில் வேகம் 11 செ.மீ.தான். காற்றுக் குமிழிகளை அடித்துச் செல்ல அது போதாது. மேலும் ஒவ்வொரு மீட்டர் குழாயிலும் இரு மடங்குக்கு மேல் நீரைச் சூடாக்கியாக வேண்டும். ஆகவே 15 மி.மீ. குழாயே பொருத்தம்.

"நீர் மெதுவாகப் போனால் அதிக நேரம் தங்கி அதிக வெப்பம் தராதா, சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒவ்வொரு கிலோகிராமும் அதிகம் தரும் என்பது உண்மையே. ஆனால் நீர் மிகவும் குளிர்ந்து வெளியேறுவதால் ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை இறங்கும். அறைக்குக் கிடைப்பது குறையும். இல்லாவிட்டால் ஓடாமல் நிற்கும் நீரல்லவா மிக அதிக வெப்பம் தரவேண்டும்?

இப்போது கொதிகலனை எடுத்துவிட்டு வெப்பப் பம்பை வைப்போம். குளிர்பதனப்பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெப்பப் பம்பு வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. நீரை மிகவும் சூடாக்காதபோதுதான் அது சிக்கனமாக உழைக்கும். 45 டிகிரியில் அனுப்பி 40 டிகிரியில் திரும்பப் பெறுவதாகக் கொள்வோம். 20 டிகிரி அறையைவிடச் சராசரியாக 45 டிகிரி கூடுதலாக இருந்த நீர், இப்போது 22½ டிகிரிதான் கூடுதல். ஆகவே அதே 3 கிலோவாட்டுக்கு ரேடியேட்டர் சுமார் இரண்டரை மடங்கு பெரிதாக வேண்டும்.

குழாயின் கதி என்ன? நீர் 20 டிகிரிக்குப் பதில் 5 டிகிரிதான் குளிர்கிறது. எனவே நான்கு மடங்கு நீர் ஓட வேண்டும். 15 மி.மீ. குழாயில் வேகம் 98 செ.மீ. ஆகி இரைச்சலின் விளிம்பில் நிற்கும். உராய்வு பத்து மடங்குக்கு மேல் கூடும். 10 மி.மீ. குழாயை நினைக்கவே வேண்டாம். சற்றுமுன் நாம் ஒதுக்கிய 22 மி.மீ. குழாய்தான், 45 செ.மீ. வேகத்துடன், இப்போது பொருத்தமாகிறது!

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1970-களிலிருந்து பிரிட்டனில் பல வீடுகளின் தரைக்கு அடியில் 8, 10 மி.மீ. குழாய்களைப் பதித்தார்கள், வளைப்பதும் பதிப்பதும் எளிது. எரிவாயுவைக் கைவிட்டு வெப்பப் பம்புக்கு மாற விரும்பும் அந்த வீட்டுக்காரர்கள், தரையைப் பெயர்க்க வேண்டுமா என்பதை இந்தக் கணக்கைப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு அமைத்து, கூடத்தின் தேவையை 1½ கிலோவாட்டாகக் குறைத்துவிட்டால், 15 மி.மீ. குழாயிலேயே நீர் 49 செ.மீ. வேகத்தில் சத்தமின்றி ஓடும். 10 மி.மீ. குழாய் அப்போதாவது தேறுமா? பென்சிலை எடுங்கள், நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.